நீலமாக வந்த ஸ்லைடு

என் மனைவி சத்யப்ரியாவுக்கு உட்காரத் தெரியாது. கல்யாணமான புதிதில் இதை விளையாட்டாகச் சொல்வேன். பிறகு குறையாகச் சொன்னேன். இப்போது சொல்வதில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தபடிதான் சாப்பிடுவாள். கேஸை மூடிவிட்டோமா என்று மூன்று முறை பார்ப்பாள். மூன்றாவது முறை நான் முறைப்பேன். "ஒரு தடவ பாத்தா போதாதா?" என்றால், "மொத ரெண்டு தடவ வேற எதையோ நெனச்சிக்கினே பாத்தேன், இப்பதான் பாத்தேன்" என்பாள். இப்படி ஒருத்தியோடு குடித்தனம் நடத்தத் தனிப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது. நான் முன்கோபக்காரன், ஊருக்கே தெரியும்.

என் பெயர் மணிவண்ணன். மரக்காணத்திலிருந்து திண்டிவனம் பக்கத்துக் கடைகளுக்கு உப்பு மூட்டை ஏற்றிப்போகும் மினி லாரி ஓட்டுகிறேன். சத்யாவின் ஊர் பெருமுக்கலுக்கு அந்தப் பக்கம். அவள் அம்மா களையெடுக்கவும் நாற்று நடவும் போய்தான் அவளை லேப் டெக்னீஷியன் படிக்கவைத்தார். பெண் பார்க்கப் போனபோது சத்யா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "வண்டிக்கு எஃப்.சி. எப்ப எடுத்தீங்க?" அந்தத் தகுதிச் சான்று காலாவதியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. போன மாசம்தான் எடுத்தேன் என்று வாய் கூசாமல் சொன்னேன். கல்யாணத்துக்கு அடுத்த வாரமே வண்டிக் காகிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டாள். "எனக்குப் பொய் சொல்ல வராது. அதனால அடுத்தவங்க சொன்னா சட்டுனு புரியறதும் இல்ல. இனிமே சொல்லாதீங்க" என்றாள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவள் அப்படிச் சொன்னதால் மறுநாளே போய் எஃப்.சி.க்குப் பணம் கட்டினேன்.

புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் லேபில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். தினமும் ஈ.சி.ஆரில் பஸ். ரத்தமும் சர்க்கரையும் பார்க்கிற லேப் இல்லை அது. உடம்பிலிருந்து எடுத்த சதைத் துண்டுகள் பாட்டிலில் வந்து சேருகிற லேப். அந்தத் துண்டை மெழுகில் பதித்து, காகிதத்தை விட மெல்லியதாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் டாக்டரின் மேஜையில் வைப்பது இவள் வேலை. டாக்டர் பெயர் கீதாஞ்சலி. ரிப்போர்ட் எழுதுவது டாக்டர். சத்யா எழுதமாட்டாள், எழுதவும் கூடாது. ஆனால் ஒரு ஸ்லைடு சரியாக வரவில்லை என்றால் யாரும் கேட்காமலே இன்னொரு முறை சீவுவாள். அங்கே அவளுக்கு நல்ல பெயர். வீட்டில்தான் அவள் குணம் எங்களுக்குத் தொல்லையாக இருந்தது.

இனி அப்பா. அப்பாதுரை என்றால் மரக்காணத்து உப்பளங்களில் தெரியாதவர் இல்லை. பாத்தி மிதிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மழையில் மூழ்கிக் கிடந்த உப்பளத்தைப் பொங்கலுக்குப் பிறகு சேறு வாரி, களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். அப்போதுதான் ஏற்றுகிற உப்புத்தண்ணீர் கீழே இறங்காமல் நின்று காயும். சரியாக மிதித்த பாத்தியில் ஒரு சொட்டு கீழே போகாது. அறுபத்தொரு வயதிலும் அவர் மிதித்த பாத்தியைத்தான் முதலாளிகள் நம்பினார்கள். அம்மா போனபின் அப்பா எங்களோடுதான் இருந்தார். மகனிடம் பேசியதைவிட மருமகளிடம் பேசியதுதான் அதிகம்.

எங்கள் பக்கத்தில் உப்புக்கால உடம்பு என்று ஒன்று உண்டு. தையில் இறங்குகிறவர்கள் ஆவணி வரை வெயிலில் வெந்து கன்னம் ஒட்டிப் போவார்கள். ஐப்பசியில் மழை பிடித்து உப்பளம் மூழ்கியதும் வேலை நின்றுவிடும். வீட்டில் உட்கார்ந்து சோறு தின்று தை வருவதற்குள் பழையபடி தேறிவிடுவார்கள். வருஷா வருஷம் இதுதான். அதனால் உப்பளத்துக்காரன் இளைத்தான் என்றால் எந்த வீட்டிலும் பதற மாட்டார்கள். போன வருஷம் அப்பா எல்லா வருஷத்தையும்விட அதிகமாக இளைத்தார். முதுகுப் பக்கம் வலிக்கிறது என்று ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். "மாமா இளைக்கிறது சரியா இல்லீங்க" என்று சத்யா ஆடி மாதமே சொன்னாள். நான் சிரித்தேன். "மழை வரட்டும், தேறிடுவாரு."

மழை வந்தது. தெருவில் எல்லோரும் தேறினார்கள். அப்பா தேறவில்லை. கார்த்திகையில் ஒருநாள் காலையில் அவர் கண் மஞ்சளாக இருந்தது. சத்யா அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

கணையம் என்று ஒன்று உடம்பில் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இரைப்பைக்குப் பின்னால், முதுகை ஒட்டி இருக்குமாம். அதன் தலைப் பக்கம் ஒரு கட்டி, பித்தம் வருகிற குழாயை நெருக்கிக்கொண்டிருந்தது. வாய் வழியாகக் குழாய் விட்டு, அடைப்புத் திறந்திருக்க ஸ்டென்ட் வைத்தார்கள், மஞ்சள் இறங்கியது. அது வெறும் வீக்கமா, புற்றா என்பது ஸ்கேனில் தெளிவாகத் தெரியவில்லை. அப்பா ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர். குடித்தவர்களுக்குக் கணையம் புண்ணாகி இதேபோல இறுகிப்போவதும் உண்டாம். அதனால் ஊசி விட்டு ஒரு துண்டு எடுத்தார்கள்.

அந்தப் பாட்டில் சத்யாவின் மேஜைக்கே வந்தது. பெயரைப் பார்த்தபோது கை நடுங்கியதா என்று கேட்டேன். "வேலை முடிஞ்ச பெறகுதான் நடுங்குச்சு" என்றாள். தழும்பில் இருப்பது போன்ற நார்த்திசு இருக்கும் இடத்தை நீலமாகக் காட்டுகிற ஒரு சாயம் இருக்கிறது. கீதாஞ்சலி டாக்டர் அதையும் போடச் சொல்ல, ஸ்லைடு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நீலமாக வந்தது. புற்று செல் ஒன்றுகூட இல்லை. ரிப்போர்ட்டில் டாக்டர் அப்படியே எழுதினார்: நார்த்திசு மட்டுமே, புற்று செல்கள் காணப்படவில்லை. கடைசியில் ஒரு வரி: சந்தேகம் இருந்தால் மறுபடி எடுத்துப் பார்க்கவும்.

கடைசி வரியை நாங்கள் யாரும் படிக்கவில்லை. முதல் வரியிலேயே அக்கா தனகோடி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். கோட்டக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள், அன்று பஸ் பிடித்து வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெருமுக்கல் மலைக்கோயிலுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாளாம். மறுவாரமே அப்பாவைக் கூட்டிப்போனோம். அவர் நின்று நின்று, ஆனால் யார் கையையும் பிடிக்காமல் மேலே ஏறினார். "பாத்தியா?" என்று நான் சத்யாவிடம் கேட்டேன். அவள் சாமி கும்பிடாமல் அப்பாவின் இடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேட்டியை அவர் இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றிக் கட்டியிருந்தார்.

அன்றிலிருந்து வீட்டில் சண்டை. மார்கழிக் கடைசியில் இன்னொரு ஊசிக்கு வரச் சொல்லி ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்திருந்தார்கள். போக வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன்.

"நல்ல ரிப்போர்ட் வந்திருக்குது. நீ இன்னாத்துக்கு கெட்டதையே தேடிக்கினு இருக்க?" என்றேன்.

"நான் தேடலீங்க. அவங்க எடுத்த துண்டுல அது இல்ல, அவ்ளோதான். கட்டியில இல்லைன்னு யாரும் சொல்லல."

"ஊசி கட்டிக்குள்ளதானே போச்சு?"

அப்போது அவள் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே எனக்கு விளக்கினாள். எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். உடம்பின் செல்கள் அந்தரத்தில் நிற்பதில்லை. அவற்றைச் சுற்றிலும் புரதங்களால் ஆன ஒரு பின்னல் இருந்து அவற்றைத் தாங்குகிறது. கொலாஜன், ஃபைப்ரோனெக்டின், லாமினின் என்று அந்தப் புரதங்களுக்குப் பெயர். காயம் ஆறும்போது தழும்பு கெட்டிப்படுவது அந்தப் பின்னலால்தான். கணையத்தில் புற்று வந்தால், பக்கத்தில் இருக்கிற செல்கள் அதைக் காயம் என்று எண்ணி இந்தப் புரதங்களைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அந்தக் காயம் ஆறப்போவதில்லை, அதனால் கொட்டுவதும் நிற்காது. கடைசியில் கட்டியில் பெரும்பகுதி அந்த இறுகல்தான். புற்று செல்கள் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒளிந்திருக்கும். ஊசி இறுகலில் மட்டும் புகுந்து வந்தால் நீலம்தான் வரும். ஆனால் குடித்துப் புண்ணான கணையத்திலும் நீலம்தான் வரும். இரண்டில் எது என்று அந்த ஸ்லைடு சொல்லாது.

"தெரியாதுன்னு நீயே சொல்ற. அப்பறம் இன்னா?" என்றேன்.

"தெரியாதுன்னுதான் கேக்கறேன்!" என்று கத்தினாள். பத்து வருஷத்தில் அவள் கத்தி நான் கேட்டதில்லை. எனக்கும் கோபம் தலைக்கேறியது. ஆஸ்பத்திரியில் பிணத்தோடு பழகிப் பழகி வீட்டிலும் அதையே பார்க்கிறாய் என்று சொல்லிவிட்டேன். சொன்னது தப்பு. சொன்ன வாயைத் திரும்ப மூடவும் தெரியவில்லை எனக்கு. தனகோடி அக்கா போனில் இன்னும் ஒருபடி மேலே போனாள். "எங்கப்பா மேல உனக்கு இன்னாம்மா கோவம்?" என்று கேட்டாளாம். சத்யா இதை என்னிடம் சொல்லவில்லை. அக்காவே பிறகு சொன்னாள்.

நான் பயந்துபோயிருந்தேன், அதுதான் உண்மை. இன்னொரு ஊசி போட்டால் இன்னொரு ரிப்போர்ட் வரும். கையில் இருக்கிற நல்ல காகிதத்தை விட்டுவிட எனக்குத் தைரியம் இல்லை.

பொங்கல் முடிந்து மிதி ஆரம்பித்தது. அப்பா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் தடுக்கவில்லை. வேலைக்குப் போகிற மனிதனுக்கு வியாதி இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு லீவு நாளில் சத்யா அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு உப்பளத்துக்கு வந்தாள். நானும் வண்டியை வரப்போரம் நிறுத்திவிட்டு நின்றிருந்தேன்.

சேட்டு என்று ஒரு ஆள், போன வருஷம்தான் இந்த வேலைக்கு வந்தவர். பாத்தியின் ஒரு மூலையில் குதிகாலால் குத்திப் பார்த்துவிட்டு, "செட் ஆயிடுச்சுண்ணே, தண்ணி ஏத்திடலாம்" என்றார்.

அப்பாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. மூச்சு வாங்கிக்கொண்டே பாத்திக்குள் இறங்கினார். "ஏம்பா, ஒரு மூலைல குத்திட்டு பாத்தி செட்டுன்னா எப்டிப்பா? நாலு மூலை, நடு, அப்பறம் சந்தேகமா இருக்கற எடம். எல்லாத்தையும் குத்திப் பாக்காதவன் எனக்கு வேலைக்கு வேணாம்." சொன்னபடியே நடந்து நடந்து குதிகாலை ஊன்றினார். நடுவில் ஓர் இடத்தில் கால் லேசாகப் புதைந்தது. "இன்னா இது? இதான் செட்டா?"

சத்யா சாப்பாட்டுத் தூக்கை வரப்பில் வைத்தாள். "மாமா" என்றாள். "உங்க வயித்துல ஒரே எடத்துலதான் குத்திப் பாத்திருக்காங்க."

நான் பல்லைக் கடித்தேன். சேட்டு எங்கேயோ பார்த்தார். அப்பா புதைந்த காலை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"இன்னும் எத்தினி எடத்துல குத்தணும்?"

"மூணு நாலு எடம்."

"எப்ப?"

"நாளைக்கே போலாம் மாமா."

"இன்னிக்கு இந்தப் பாத்திய முடிச்சுடறேன்" என்றார் அப்பா. முடித்துவிட்டுத்தான் வந்தார். வரும்போது என் முகத்தை அவர் பார்க்கவில்லை. முதல் ரிப்போர்ட் வந்ததிலிருந்து அன்றோடு முப்பத்தேழு நாள்.

இரண்டாவது முறை நான்கு இடத்தில் எடுத்தார்கள். மூன்றில் நீலம் மட்டும். நான்காவதில், அந்த நீலத்துக்கு நடுவே, புற்று இருந்தது. கீதாஞ்சலி டாக்டர் சத்யாவைப் பக்கத்தில் உட்காரவைத்து மைக்ராஸ்கோப்பில் காட்டினாராம். அவள் சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கியதும் நான் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். நான் சொன்னேன் பார்த்தீர்களா என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். சொல்லவில்லை.

அப்பாவிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மருந்து ஏற்றினால் போதாதா, எதற்கு அறுக்க வேண்டும் என்று அவர் கேட்டார். சுற்றி இறுகியிருக்கிற புரதம் ரத்தக்குழாய்களை நெருக்கிவிடும், ரத்தத்தில் வருகிற மருந்து உள்ளே போய்ச் சேருவது கஷ்டம், இப்போதைக்கு வெட்டி எடுக்க வழியிருக்கிறது என்று ஸ்கேனில் தெரிகிறது என்றாள்.

"பாத்தி மாதிரி மிதிச்சு வெச்சிருக்குது" என்றார் அப்பா. "வேலை தெரிஞ்சதுதான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆபரேஷனுக்கு மார்ச் முதல் வாரம் தேதி கிடைத்தது. அதுவரை நான் லாரி ஓட்டியது எப்படி என்று எனக்கே தெரியாது. திண்டிவனம் போகிற வழியெல்லாம் முப்பத்தேழு நாள், முப்பத்தேழு நாள் என்று மண்டைக்குள் ஓடும். ஒருமுறை மூட்டையை இறக்காமலே திரும்பி வந்துவிட்டேன். சத்யாவோ வழக்கத்தைவிட அதிகமாக நடந்தாள். ஒரு மாதம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு டீ குடிக்கவில்லை.

ஆபரேஷன் அன்று அவள் லீவு போட்டுவிட்டு எங்களோடு வெளியில் இருந்தாள். நானும் தனகோடி அக்காவும் நாற்காலியில். அவள் தியேட்டர் கதவுக்கும் லிஃப்டுக்கும் இடையே நடந்துகொண்டே இருந்தாள். ஆறு மணி நேரம் ஆகும் என்றார்கள். ஒன்றரை மணி நேரம் போயிருக்கும், தியேட்டர் ஊழியர் ஒருவர் சின்ன பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு லேப் பக்கம் வேகமாகப் போனார். எங்களுக்கு அது ஒன்றுமில்லை. யாரோ எதையோ எடுத்துப் போகிறார்கள்.

சத்யா நடப்பதை நிறுத்திவிட்டாள். சுவரோரம் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

"இன்னா சத்யா?"

"அந்த பாட்டில் இப்ப வரக் கூடாதுங்க. வேற எங்கயோ எதையோ பாத்துட்டாங்க. அதான் அவசரமா அனுப்பிக் கேக்கறாங்க."

அரை மணி நேரத்தில் சர்ஜன் வெளியே வந்தார். கல்லீரலின் மேல் சின்னச் சின்னப் புள்ளிகள், ஸ்கேனில் தெரியாத அளவு. ஒன்றை எடுத்து அனுப்பிப் பார்த்ததில் அதுவும் புற்று. பரவிவிட்ட பிறகு கட்டியை எடுத்துப் பயனில்லை. பித்தம் போவதற்கு மாற்று வழி மட்டும் செய்துவிட்டு மூடுகிறோம் என்றார்.

"முப்பத்தேழு நாள் முன்னாடி வந்திருந்தா எடுத்திருக்கலாமா சார்?" என்று கேட்டேன்.

அவர் என்னை நின்று பார்த்தார். "அப்பவே இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். அத யாராலயும் சொல்ல முடியாதுங்க" என்றார். நல்ல மனிதர். ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

தனகோடி அக்கா தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பாக்குத் தெரிய வேணாம். எடுத்தாச்சுன்னு சொல்லிடலாம். இருக்கற நாளாவது நிம்மதியா இருக்கட்டும்" என்றாள். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. சத்யாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கெஞ்சினேன். "உன்னத்தான் கேப்பாரு. இந்த ஒரு தடவ சொல்லிடு. உன் கால்ல வேணா விழறேன்." அவள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை, ஐ.சி.யூ.வில் ஒருவர்தான் உள்ளே போகலாம் என்றார்கள். நினைவு வந்ததும் அப்பா கேட்டது சத்யாவைத்தான். அவள் போனாள். நான் நர்ஸ் பார்க்காதபோது நழுவி, அவர் கட்டிலைச் சுற்றியிருந்த திரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டேன்.

"எடுத்துட்டாங்களாம்மா?" அப்பாவின் குரல் காய்ந்து கிடந்தது.



"இல்ல மாமா" என்றாள் சத்யா. "எடுக்கல. கல்லீரலுக்கும் போயிருக்குது. பாத்துட்டு மூடிட்டாங்க."

எனக்கு அவளை அப்படியே இழுத்து வெளியில் தள்ள வேண்டும் போல இருந்தது. திரைத் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். உள்ளே அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அப்பா மெதுவாக மூச்சு விட்டார்.

"மருந்து குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க மாமா. எவ்ளோ தூரம் உள்ள போவும்னு தெரியல. குடுத்துப் பாப்பாங்க."

"சரி. அழாத." கட்டில் கிறீச்சிட்டது. "நீ ஒண்ணு பண்ணு. மணிகிட்ட எடுத்தாச்சுன்னு சொல்லிடு. அன்னிக்கு ஊசி வேணாம்னு நின்னவன் அவன். இத்தக் கேட்டா காலம்பூரா அதையே நெனச்சிக்கினு இருப்பான். அவன் தாங்க மாட்டான்மா."

அவள் என்ன பதில் சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். நான் எவ்வளவு கேட்டேன் என்று அவள் கேட்கத் தேவையிருக்கவில்லை. என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

"உங்ககிட்ட எடுத்தாச்சுன்னு சொல்லச் சொன்னாரு" என்றாள். தன் துப்பட்டா முனையால் என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். "போயி பாருங்க."

நான் உள்ளே போனேன். அப்பா கண்ணை மூடியிருந்தார். குழாய் செருகாத கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எடுத்துட்டாங்களாம்ப்பா" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஆமாண்டா" என்றார். "இப்பதான் சத்யா சொன்னா."